எதை முதலில் செய்வது?

ஓர் அச்சகத்திற்கு ஐந்து பள்ளி நூல்கள் வந்து சேருகின்றன. பள்ளி திறக்க இன்னும் சில நாட்களே உள்ளன. அச்சகத்தில் அச்சு இயந்திரம் ஒன்று. பைண்டிங் மேசை ஒன்று. புது இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. இருக்கும் இயந்திரத்தை இன்னும் வேகமாக ஓட்டவும் முடியாது. அப்படியிருந்தும் வேலையை முன்கூட்டி முடிக்க வழி உண்டா?

உண்டு. அதற்குத் தேவையானவை காகிதமும் பென்சிலும், உங்களுக்குத் தெரிந்த கூட்டல் கணக்குமே. தொழிற்சாலைகளில் 'உற்பத்தித் திட்டமிடல்' என்று கூறப்படும் துறையின் ஒரு சிறு பகுதி இது.

கணக்கு இதுதான்

ஒவ்வொரு நூலையும் முதலில் முழுவதும் அச்சடிக்க வேண்டும்; அதன் பிறகே பைண்டிங் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நூலைத்தான் அச்சடிக்க முடியும், பைண்டிங்கும் அப்படியே. தேவைப்படும் நேரம் மணிக்கணக்கில்:

அட்லஸ்: அச்சு 6, பைண்டிங் 1
தமிழ்: அச்சு 2, பைண்டிங் 5
வரலாறு: அச்சு 7, பைண்டிங் 4
அறிவியல்: அச்சு 3, பைண்டிங் 7
கணிதம்: அச்சு 5, பைண்டிங் 6

அட்லஸுக்குப் பல வண்ணங்கள் என்பதால் அச்சு நேரம் அதிகம். ஆனால் பக்கங்கள் குறைவு. பின் அடித்தால் போதும்.

மொத்த அச்சு வேலை 23 மணி. மொத்த பைண்டிங் வேலையும் 23 மணிதான்.

வந்த வரிசையிலேயே செய்தால் என்ன ஆகும்? அச்சு வேலைகள் முறையே 6, 8, 15, 18, 23ஆம் மணியில் முடியும். பைண்டிங் மேசையைக் கவனியுங்கள். முதல் 6 மணி நேரம் அங்கு வேலையே இல்லை. அட்லஸ் 7ஆம் மணியில் முடிகிறது. தமிழ் நூல் 8ஆம் மணியில்தான் வந்து சேர்கிறது. மேசை 1 மணி சும்மா இருக்கிறது. தமிழ் 13ஆம் மணியில் முடிந்ததும், வரலாற்றுக்காக மேலும் 2 மணி காத்திருக்க வேண்டும். அதன் பின் வரலாறு 19, அறிவியல் 26, கணிதம் 32ஆம் மணியில் முடிகின்றன.

ஆக மொத்தம் 32 மணி. இதில் பைண்டிங் மேசை வீணாகக் கழித்த நேரம் 6 + 1 + 2 = 9 மணி. 23 + 9 = 32 என்று கணக்கு சரியாக வருகிறது அல்லவா? வேலையின் அளவை நாம் குறைக்க முடியாது. காத்திருப்பை மட்டுமே குறைக்க முடியும்.

ஜான்சன் விதி

ஐந்து நூல்களை 120 வரிசைகளில் அமைக்கலாம் (5 × 4 × 3 × 2 × 1). எல்லாவற்றையும் சோதிக்கலாம் என்று தோன்றும். நூல்கள் பத்து என்றால் வரிசைகள் 36,28,800. நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும், இரவு பகல் பாராமல் 42 நாட்கள் ஆகும். பதினைந்து நூல்கள் என்றால் 41,000 ஆண்டுகளுக்கு மேல்!

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் செல்மர் ஜான்சன். 1954இல் அவர் வெளியிட்ட விதி மிக எளியது:

1. பட்டியலில் உள்ள எல்லா எண்களிலும் மிகச் சிறியதைத் தேடுங்கள்.
2. அது அச்சு நேரமானால், அந்த நூலை வரிசையின் முன்பக்கம் வையுங்கள். பைண்டிங் நேரமானால், பின்பக்கம் வையுங்கள்.
3. அந்த நூலை அடித்துவிட்டு, மீதியுள்ளவற்றில் இதையே திரும்பச் செய்யுங்கள்.

நம் பட்டியலில் மிகச் சிறிய எண் 1. அது அட்லஸின் பைண்டிங். எனவே அட்லஸ் கடைசி. அடுத்தது 2, தமிழின் அச்சு. எனவே தமிழ் முதல். அடுத்த 3 அறிவியலின் அச்சு, அது இரண்டாவது. அடுத்த 4 வரலாற்றின் பைண்டிங். அது அட்லஸுக்கு முன்னால். நடுவில் எஞ்சுவது கணிதம்.

இப்போது அச்சு முடியும் நேரங்கள் 2, 5, 10, 17, 23. பைண்டிங் முடியும் நேரங்கள் 7, 14, 20, 24, 25. மொத்தம் 25 மணி மட்டுமே! எந்த இயந்திரமும் வேகம் கூடவில்லை. யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. ஆனால் 7 மணி நேரம் மிச்சம். ஒரு தொழிலாளி இரவு முழுவதும் கண்விழித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

இதைவிடக் குறைக்க முடியுமா? முடியாது. எந்த நூலை முதலில் எடுத்தாலும் அதை அச்சடிக்கக் குறைந்தது 2 மணி ஆகும். அதுவரை பைண்டிங் தொடங்காது. பிறகு பைண்டிங்குக்கு 23 மணி வேண்டும். 2 + 23 = 25.

விதியின் உட்பொருளும் இதில் தெரிகிறது. விரைவில் அச்சாகும் நூலை முதலில் விட்டால், பைண்டிங் மேசைக்கு விரைவில் வேலை கிடைக்கும். விரைவில் பைண்டிங் முடியும் நூலைக் கடைசியில் விட்டால், அச்சு நின்ற பிறகு எஞ்சும் வேலை குறைவாக இருக்கும்.

விதியின் எல்லை

மூன்றாவதாக ஓர் இயந்திரம் சேர்ந்தால் நிலைமை மாறிவிடுகிறது. சில தனி வகைகளுக்கு மட்டுமே இந்த விதியை நீட்டிக்கலாம். மூன்று இயந்திரக் கணக்கு மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1976இல் மைக்கேல் கேரி, டேவிட் ஜான்சன், ரவி சேத்தி ஆகிய மூவர் நிறுவினர். எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விரைவான வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கணிப்பொறியைக் கொண்டும், பெரிய ஆலைகள் பெரும்பாலும் 'மிக நல்ல' வரிசையோடு நிறைவு கொள்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வரிசையில் அட்லஸ் 7ஆம் மணியில் கிடைத்தது. புதிய வரிசையில் 25ஆம் மணியில்தான் கிடைக்கிறது. அட்லஸ் கொடுத்தவருக்கு அவசரம் என்றால் அவர் நம் கணக்கை மெச்சுவாரா? மொத்த நேரத்தைக் குறைப்பதா, அவசரக்காரருக்கு முதலில் கொடுப்பதா என்பதை விதி சொல்லாது. அதை முதலில் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

திட்டம் போட்டால் மட்டும் போதாது. காகிதம் தாமதமாகலாம், இயந்திரம் பழுதாகலாம். எனவே நடப்பதைத் திட்டத்தோடு அடிக்கடி ஒப்பிட்டு, மீதி வேலைக்கு வரிசையைத் திருத்த வேண்டும். இதுவே 'உற்பத்திக் கட்டுப்பாடு'. இதற்கு உதவும் பட்டை வரைபடத்தைப் பரப்பியவர் ஹென்றி காண்ட் (1861–1919) என்ற அமெரிக்கப் பொறியாளர். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை ஒரு மணி என்று கொண்டு, அச்சுக்கு ஒரு வரியும் பைண்டிங்குக்கு ஒரு வரியும் வரைந்து பாருங்கள். வீணாகும் நேரம் வெற்றுக் கட்டங்களாகக் கண்ணுக்குத் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தையற்கடையில் சீருடைத் துணிகள் நான்கு கட்டுகள் உள்ளன. வெட்டும் நேரம், தைக்கும் நேரம் முறையே: முதல் கட்டு 5, 4, இரண்டாவது 1, 5, மூன்றாவது 6, 2, நான்காவது 3, 6 மணி. சிறந்த வரிசை எது? வந்த வரிசையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

(விடை: 2, 4, 1, 3 என்ற வரிசை. 22 மணி வேலை 18 மணியில் முடியும். மிச்சம் 4 மணி.)