தாளிப்பைக் கடைசியில் வை, அம்மிணி

நேத்து நீ போனில் பேசினதையே ராத்திரி முழுக்க நினைச்சுக்கிட்டிருந்தேன். அத்தைக்குச் சர்க்கரை, அதோட சுத்த சைவம். மாப்பிள்ளைக்குத் தட்டில் முட்டையாவது இருக்கணும். மூணு வயசுக் குட்டிப்பையன் தயிர்ச்சோறு தவிர எதைக் கண்டாலும் வாயை இறுக்கி மூடிக்கிறான். ஒரே வேளைக்கு மூணு சமையல் செஞ்சுட்டு, கடைசியில் நீ ஆறிப்போன தோசையை நின்னபடியே சாப்பிடுறே. முதல்ல மாத்த வேண்டியது அதைத்தான்.

சமையல் ஒண்ணாவே இருக்கட்டும். அது எந்த இடத்தில் பிரியணும்னு மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணு. மிளகாய், புளி, கறி இந்த மூணும்தான் பிரியுற இடம். நம்ம ஊரு அரிசிம்பருப்பு சோத்தையே எடுத்துக்கோ. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி, மஞ்சள் எல்லாம் வழக்கம்போலப் போடு. வரமிளகாயை மட்டும் விட்டுட்டுக் குக்கரை மூடு. அரிசி ஒரு டம்ளருன்னா பருப்பு அரை டம்ளர் இருக்கட்டும், அத்தைக்கு அந்த விகிதம் நல்லது. திறந்ததும் பையனுக்கு ஒரு கரண்டி எடுத்து, நெய் விட்டு மசிச்சு வை. அப்புறம் மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு மீதிச் சோத்தில் கொட்டு. அத்தை தட்டில் முதலில் பாதியளவுக்கு அவரைக்காய்ப் பொரியல், பக்கத்தில் அளவாச் சோறு. மாப்பிள்ளைக்குத் தனி வாணலியில் மிளகு போட்டு ரெண்டு முட்டை. முட்டை ஒண்ணுக்கு 6 கிராம் புரதம், சீக்கிரமும் ஆயிடும்.

சாம்பாரும் இப்படித்தான். புளி ஊத்துறதுக்கு முன்னாடி வெந்த பருப்பும் ரெண்டு துண்டு காயும் பையனுக்கு எடுத்துடு. பள்ளிபாளையம் சிக்கன் செய்யுற அன்னிக்குக் கறியை முதலில் மஞ்சளும் உப்பும் போட்டு வேக வை. அதில் ரெண்டு துண்டைப் பிச்சு அவனுக்கு எடுத்து வச்சுட்டு, அப்புறம் மிளகாயைப் போடு. கறிச்சட்டி, கறிக்கரண்டி ரெண்டையும் தனியா வச்சுக்கோ. அத்தை வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, ஆனா அது அவங்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

வாரத் திட்டம் போட நோட்டு எல்லாம் வேண்டாம், சுவத்துக் காலண்டர் போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதைப் பார்த்து அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமையை முதல்ல கட்டம் கட்டிடு. கறி எந்த நாளுன்னு அதுவே சொல்லிடும். புரட்டாசியில் கறி கிடையாது, அதனால் சுண்டல், பச்சைப்பயறு, பனீர் முன்னாடியே வீட்டில் இருக்கணும். ஞாயிறு ஆட்டுற மாவு ரெண்டு நாள் இட்லி, மூணாம் நாள் தோசை, புளிச்சதும் வெங்காயம், கேரட் துருவிப் போட்டுப் பணியாரம். குழியில் மாவு ஊத்துறதுக்குக் கரண்டியைப் பையன் கையில் கொடுத்து, நீ அவன் கையைப் பிடிச்சுக்கோ. அவன் ஊத்தின பணியாரத்தை அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். என் பொண்ணு கேரட்டை முதல்முதலா அப்படித்தான் தின்னா.

இனி பையன் விஷயம். ஒண்ணு சொல்றேன், மனசைத் தேத்திக்கோ. முதல் வருஷத்தில் குழந்தை எடை மூணு மடங்கு ஆகுது. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானமானதும் பசியும் நிதானமாகிடும். புதுசா எதைப் பார்த்தாலும் வேண்டாம்னு தலையாட்டுறதும் 2 வயசிலிருந்து 6 வயசு வரைக்கும் சகஜம். உன் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை.

அவன் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால் குடிக்கிறான்னு சொன்னியே, எனக்குக் கவலை அதுதான். பாலில் இரும்புச்சத்து சொற்பம். மத்த சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்றதையும் அது குறைக்கும். வயிறும் ரொம்பிடும். ரத்தசோகை வந்தா பசி இன்னும் மங்கும், மறுபடி பால்தான் கேப்பான். நாளுக்கு 400 மில்லியோட நிறுத்து, அதையும் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடு. முருங்கைக்கீரையைப் பருப்போட மசிச்சு, ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சு கொடுத்தா அதில் இருக்கிற இரும்பு நல்லாச் சேரும்.

அமெரிக்காவில் எலின் சாட்டர்னு ஒரு உணவியல் நிபுணர். அவங்க சொன்ன முறையை நான் வீட்டில் கடைப்பிடிச்சுப் பார்த்தேன். என்ன, எப்போ, எங்கேங்கிறது பெத்தவங்க முடிவு. சாப்பிடுறதா, எவ்வளவுங்கிறது குழந்தை முடிவு. அதனால் தட்டில் அவனுக்குப் பழகின தயிர்ச்சோறு எப்பவும் இருக்கட்டும். பக்கத்தில் புதுசு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். தொடலைன்னா பேசாம எடுத்துடு. மூணு நாள் கழிச்சு மறுபடி வை. ஒரு காயைப் பத்து, பதினஞ்சு தடவை பார்த்த பிறகுதான் சில குழந்தைங்க வாயில் வைக்கும். நாம ரெண்டாவது தடவையே "இவனுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது"ன்னு முத்திரை குத்திடறோம். போன் காட்டி ஊட்டாதே, சாக்லேட் தர்றேன்னு பேரம் பேசாதே. இருபது நிமிஷத்தில் தட்டை எடுத்துடு. அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட், முறுக்கு எதுவும் கூடாது. முதல் வாரம் உனக்குக் கஷ்டமா இருக்கும், அத்தைக்கு அதைவிடக் கஷ்டமா இருக்கும். அவங்ககிட்ட முன்னாடியே உட்கார்ந்து பேசிடு.

முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை அவன் கையில் கொடுக்காதே, தொண்டையில் அடைச்சுக்கும். கடலையைப் பொடிச்சும் திராட்சையை நீளவாக்கில் நாலா நறுக்கியும் கொடு.

எடை குறைஞ்சாலோ, மெல்லவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ, மண்ணு, சாக்பீஸ் தின்னாலோ டாக்டர்கிட்ட காட்டிடு. அங்கன்வாடியில் எடை பார்த்து எழுதுற அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போ. அத்தை மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமா எடுக்கிறாங்க இல்லையா, அதுவும் சைவமும் சேர்ந்தா பி12 குறைய வாய்ப்பு இருக்கு. அடுத்த தடவை சர்க்கரை பார்க்கப் போறப்ப அதையும் டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லு.

ஞாயிறு சாயங்காலம் நானே வர்றேன். மாவு ஆட்டிக் கொண்டாறேன், நீ காலண்டரை மட்டும் இறக்கி வை. அரைக் கிலோ பீர்க்கங்காய் பிஞ்சாப் பார்த்து வாங்கிடு. தோலைச் சீவித் துவையலுக்கு வச்சுட்டு, காயைப் பருப்போட வேக வச்சு, அவன் தட்டில் ஒரு டீஸ்பூன் வச்சுப் பார்ப்போம்.