அம்மாவின் மறுமணம் குறித்து

செங்கற்பட்டு



உன் தந்தை மறைந்தபின் தனித்து வாழும் உன் அம்மா, ஐம்பத்தெட்டாம் வயதில், மனைவியை இழந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதையும், புகுந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று நீ கலங்குவதையும் உன் கடிதத்தால் அறிந்தேன்.

மாதவிலக்கு நிற்பதோடு பெண்ணின் இச்சையும் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் ஆராயாமல் வழங்கிவரும் அபிப்பிராயம். ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் பிறப்புறுப்பில் உலர்வும், உறவின்போது வலியும் தோன்றுவதுண்டு. அவை வைத்தியத்தால் தணியக்கூடியவை. கர்ப்ப பயம் நீங்கி, பிள்ளைகள் தலையெடுத்த பின்னரே தாம்பத்திய சுகத்தை நிம்மதியாக அறிந்தோம் என்று என் வயதுப் பெண்கள் சிலர் அந்தரங்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு சிலரோ அவ்விச்சை அடங்கியதையே விடுதலையாகக் கருதுகிறார்கள். இரண்டும் இயற்கையே, தனக்குரியது எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரவர்க்கே உண்டு. மனைவியை இழந்த ஆடவன் அறுபதில் மணந்தால் ‘பாவம், துணை வேண்டாமா’ என்று பரிதபிக்கும் ஊர், அதே வயதுப் பெண்ணைப் பழிப்பது நியாயமாகாது.

இந்த வயதில் துணை தேடுவது நம் சம்பிரதாயத்துக்கு விரோதம் என்பாயானால், மாமல்லபுரத்துக்குப் போய்ப் பார்: கடற்கரைக் கோயிலின் கருவறைச் சுவரில் இறைவன் உமையோடும், அவள் மடிக்குழந்தையோடும் சோமாஸ்கந்தனாக வீற்றிருக்கிறான், அர்ச்சுனன் தபசுப் பாறையில் தேவர்கள் இணையிணையாகப் பறந்து வருகிறார்கள். துணையோடு இருப்பதை நம் சம்பிரதாயம் இழிவாகக் கருதவில்லை. நம் செங்கற்பட்டிலேயே 1929 பிப்ரவரியில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, விதவைகளின் மறுமணத்தையும், பெண்களுக்கு விவாகரத்து உரிமையையும், ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையையும் ஆதரித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் மணமக்களுக்குக் கீழ்வயதை வரையறுத்ததேயன்றி மேல்வயதை வரையறுக்கவில்லை. சட்டம் விதியாத தடையைப் பெற்ற மகள் விதிக்கலாமா?

உனக்கு மெய்யான கவலை வேண்டுமானால், காரியத்தில் காட்டு. மறுமணத்தால் உன் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகக்கூடுமாதலால், கருவூலத்தில் முன்னரே விசாரி. உன் தந்தை வழியில் அவள் பெற்ற சொத்து அவளுக்கே உரியதென்பதையும், அதை உயில் எழுதுவது அவள் விருப்பமென்பதையும் உன் தம்பிக்கு எடுத்துச் சொல்.

பதிவாளர் முன் சாட்சிகள் மூவர் கையெழுத்திட வேண்டும். அவர்களுள் ஒருத்தியாக நீ போய் நில், மகளே.

இப்படிக்கு,
உன் பெரியம்மா