பசுமைக்குடிலில் சோடியம் விளக்கு: சோக்கு இணைக்கும் முறை

செடிகள் சூரிய வெளிச்சத்தைக் கொண்டே தம் உணவைத் தயாரித்துக் கொள்ளுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் சில செடிகள் பூக்கும் காலத்தை நிர்ணயிப்பது வெளிச்சத்தின் மிகுதியன்று, இரவின் நீளமே என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், ஆலர்டு என்னும் இருவர் புகையிலை முதலிய பயிர்களில் சோதனை செய்து, பகலிரவுகளின் நீளத்தைப் பொறுத்தே பூக்கும் காலம் அமைகிறது என்பதை 1920-ம் ஆண்டில் வெளியிட்டனர். சாமந்தி நீண்ட இரவில் மொட்டுக் கட்டும் இனத்தைச் சேர்ந்தது. அதன் ரகங்களிற் பல, பகல் ஏறக்குறைய 13½ மணிக்கு மேற்பட்டிருக்கும் வரையில் மொட்டுக் கட்டாமல் வளர்ந்து கொண்டே போகும்.

ஓசூர்ப் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டுவதில்லை. ஆகவே, காம்புள்ள பூவுக்கென வளர்க்கும் சாமந்தி நம் நாட்டில் எந்த மாதத்தில் நட்டாலும், முழங்கால் உயரம் வருமுன்னரே மொட்டுக் கட்டிவிட முற்படும். காம்பு குட்டையான பூவுக்குச் சந்தையில் விலையில்லை. நாற்றுக்கென வைத்திருக்கும் தாய்ச்செடியும் மொட்டுக் கட்டிவிட்டால் நல்ல துண்டு கொடாது. இதற்குப் பரிகாரம், இரவு 10 மணி முதல் 2 மணி வரையில் விளக்கேற்றி நீண்ட இரவை இரு குறுகிய இரவுகளாக வெட்டிவிடுவதே. இதற்குப் பிரமாத வெளிச்சம் வேண்டியதில்லை; செடியின் நுனியில் 100 லக்ஸ் இருந்தாற் போதும். வியத்நாம் நாட்டின் பின் துவான் பகுதியில் டிராகன் பழக் கொடிகளுக்கு இரவில் விளக்கேற்றுவதும் இதே தத்துவத்தைப் பற்றியதே. அங்கே பலன் மட்டும் மாறாக, கொடி பருவமல்லாத காலத்தில் பூக்கிறது.

இந்தியாவில் தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் தேசியத் திட்டம் 2015-ம் ஆண்டில் தொடங்கியது. அதன் பயனாகக் கழிக்கப்பட்ட சோடியம் விளக்குச் சாமான்களைச் சல்லிசான விலைக்கு வாங்கித் தோட்டத்தில் மாட்ட விரும்புவோர் உண்டு. அவர்கள் அறிய வேண்டியவற்றை இங்கே கூறுவோம். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். எனினும், வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளும் அறிவு நிலத்துக்குடையவருக்கு அவசியம்; விபத்து நேர்ந்தால் கஷ்டம் அவரையும் அவர் வேலையாட்களையுமே சேரும்.

சோக்கு ஏன் வேண்டும்?— சாதாரணக் குண்டு பல்பில் மின்சாரம் ஓர் இழையின் வழியே செல்லுகிறது. இழையின் தடையே மின்னோட்டத்தை அளவில் நிறுத்துகிறது. சோடியம் விளக்கில் இழை கிடையாது. உள்ளேயிருக்கும் சிறு குழலில் சோடியமும் பாதரசமும் சேர்ந்த கலவையும், சீனான் என்னும் வாயுவும் அடைபட்டிருக்கின்றன. மின்சாரம் அந்த வாயுவினூடே ஒரு சுடராகப் பாயும். சுடர் ஒரு முறை எழுந்துவிட்டால், மின்னோட்டம் பெருகப் பெருக அதன் தடை குறையும். தடை குறையக் குறைய மின்னோட்டம் இன்னும் பெருகும். மடையில்லாத கால்வாய் தன் கரையைத் தானே அரித்துக்கொண்டு உடைவது போன்றது இது. தடுப்பின்றி 230 வோல்ட்டில் நேராக இணைத்தால் விளக்கு சில நொடிகளில் நாசமாகும். சோக்கு என்பது இரும்புத் தகடுகளின்மேல் செம்புக் கம்பி சுற்றிய சுருள். அதுவே இந்தக் கால்வாய்க்கு மடை. வீட்டு டியூப் லைட்டில் உள்ள பழைய சோக்கும் இவ்வேலையையே செய்கிறது.

சாமான்களின் பொருத்தம்.— 250 வாட் சோடியம் விளக்கிற்கு 250 வாட் சோடியம் சோக்கே வேண்டும். வாட் எண் ஒன்றாயிருப்பதைக் கொண்டு பாதரச ஆவி விளக்கின் சோக்கை மாட்டுதல் தவறு. 250 வாட் பாதரச விளக்கு ஏறக்குறைய 130 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் எடுப்பது. சோடியம் விளக்கோ 100 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுப்பது. சோக்கின் மேல் எழுதியிருக்கும் விளக்கின் பெயர், வாட், வோல்ட், ஆம்பியர் ஆகிய நான்கையும் படித்துப் பார்க்கவும். எழுத்து அழிந்துபோன சோக்கை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

இதனோடு மூன்றாவதாக இக்னைட்டர் என்னும் சிறு பெட்டி உண்டு. குளிர்ந்திருக்கும் விளக்கில் 230 வோல்ட் சுடரை எழுப்பாது. இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் அளவுள்ள துடிப்புகளை நொடிநேரம் அனுப்பிச் சுடரை எழுப்புகிறது. விளக்கு ஏற்றிய 4, 5 நிமிஷத்தில் முழு வெளிச்சம் வரும்.

நான்காவது கண்டென்ஸர். இது இல்லாமலும் விளக்கு எரியும். ஆனால் அப்போது விளக்கும் சோக்குமாக 275 வாட் செலவழிப்பதற்கு லைனிலிருந்து 3 ஆம்பியர் இழுக்கும். பவர் பாக்டர் 0.4 அளவிலேயே நிற்கும். 32 மைக்ரோபாரட் கண்டென்ஸரைச் சேர்த்தால் லைன் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பத்து விளக்குப் போடுபவருக்குக் கம்பியின் கனத்திலும் சூட்டிலும் இது பெரிய வித்தியாசம்.

இணைக்கும் வரிசை.— மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றி வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொண்டு, டெஸ்டரால் மின்சாரம் இல்லையென்று உறுதி செய்த பின்னரே தொடங்க வேண்டும்.

1. பேஸ் கம்பி முதலில் சுவிட்சுக்கும், அங்கிருந்து சோக்கின் ஒரு முனைக்கும் செல்ல வேண்டும். சுவிட்சும் சோக்கும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும், நியூட்ரலில் இருக்கலாகாது.

2. சோக்கின் மறுமுனையை இக்னைட்டரில் ‘பி’ என்று குறித்த முனையில் சேர்க்கவும்.

3. இக்னைட்டரில் ‘எல்பி’ என்று குறித்த முனையிலிருந்து வரும் கம்பியை விளக்கு ஹோல்டரின் நடு முனையில் சேர்க்கவும். துடிப்பு வரும் வழி இதுவே. ஹோல்டரின் திருகுப் பக்கம் மனிதர் கைபடக் கூடியதாகையால், அதில் பேஸ் வரலாகாது.

4. ஹோல்டரின் திருகு முனையையும், இக்னைட்டரில் ‘என்’ என்று குறித்த முனையையும் நியூட்ரலில் சேர்க்கவும்.

5. கண்டென்ஸரைச் சுவிட்சுக்குப் பின்னால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்காக இணைக்கவும். விளக்கிற்குக் குறுக்காக இணைத்தல் கூடாது.

6. சோக்கின் இரும்புச் சட்டம், பெட்டி, விளக்கின் மூடி, குடிலின் இரும்புத் தூண்கள் யாவற்றையும் எர்த் கம்பியில் இறுக்கிச் சேர்க்கவும்.

இங்கே கூறியது மூன்று முனையுள்ள இக்னைட்டருக்குப் பொருந்தும். வேறு வகை இக்னைட்டர்களும் உள. எதை வாங்கினாலும் அதன்மேல் அச்சிட்ட படமே பிரமாணம். இவ்வகை இக்னைட்டரை விளக்கின் அருகிலேயே வைக்க வேண்டும். கம்பி நீண்டால் துடிப்பு வழியிலேயே தளர்ந்துவிடும். சோக்கைத் தூரத்தில், நீர் படாத இடத்தில் வைக்கலாம்.

சுவிட்ச் பேஸில் இருக்க வேண்டுமென்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஒரு பூந்தோட்டத்தில் நாம் நேரில் கண்டது இது: விளக்கை மாற்றுவதற்காகச் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறிய வேலையாள், ஹோல்டரைத் தொட்டவுடன் உதறிக் கீழே விழுந்தார். சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருந்தது. விளக்கு அணைந்திருந்ததேயன்றி, பேஸ் ஹோல்டர் வரையில் வந்து நின்றிருந்தது. ஏணி மரத்தாலானதாகவும் கீழே மண் மெத்தென்றும் இருந்தமையால் தோளில் அடியோடு பிழைத்தார். இரும்பு ஏணியும் ஈரத் தரையுமாயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. சோக்கு பேஸில் இருக்க வேண்டியதற்கும் காரணமுண்டு. விளக்குப் பக்கத்துக் கம்பி எங்கேனும் எர்த்தில் பட்டால், சோக்கு முன்னே நின்று மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். நியூட்ரலில் இருந்தால் மட்டுப்படுத்துவார் எவருமில்லை.

நீரும் நெருப்பும்.— பசுமைக்குடில் எந்நேரமும் ஈரமுள்ள இடம். தெளிப்பு நீரும் பனிமூட்ட நீரும் கம்பியில் படும். ஆகையால் 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தை வைக்காமல் விளக்குப் போடலாகாது. எரியும் விளக்கின்மேல் குளிர்ந்த நீர்த்துளி விழுந்தால் கண்ணாடி வெடிக்கும்; விளக்கெரியும் நேரத்தில் தெளிப்பானைத் திறக்க வேண்டாம். சோக்கு கைவைக்க முடியாத அளவு சூடாகும். அதைச் சுவரிலோ இரும்புத் தகட்டிலோ பொருத்துக. கீற்று, மூங்கில், சாக்கு, பிளாஸ்டிக் இவற்றின் அருகில் வைக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும். முனைகளைக் கடந்து ஒரு தடைக்கட்டை பொருத்தியதையே வாங்கவும்.

எத்தனை விளக்கு?— புதிய 250 வாட் விளக்கு ஏறக்குறைய 27,000 லூமன் ஒளி தரும். அதிற் பாதியே செடியை அடையுமெனக் கொண்டால், 100 சதுர மீட்டரில் சராசரி 135 லக்ஸ் கிடைக்கும். ஆகவே 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்திற்கு ஒரு விளக்கு என்று தொடங்கலாம். ஆனால் சராசரியை நம்பி இருந்துவிடாமல், மூலைகளிலும் இரு விளக்குகளுக்கு இடையிலும் லக்ஸ் மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். இருண்ட மூலையிலுள்ள செடிகள் முன்னதாக மொட்டுக் கட்டி, பாத்தியின் ஒழுங்கைக் கெடுத்துவிடும். இரவொன்றுக்கு 4 மணி நேரம் எரிந்தால் விளக்கொன்றுக்கு 1.1 யூனிட் செலவாகும். செடி வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டால் மொட்டுக் கட்டத் தொடங்கும். தாய்ச்செடிகளுக்கு மட்டும் இடைவிடாது ஏற்ற வேண்டும்.

கோளாறுகள்.— மின்சாரம் நின்று வந்தவுடன் விளக்கு எரியாதிருப்பது கோளாறன்று. சூடு தணிந்த பின் தானே எரியும். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்து, சில நிமிஷம் கழித்து எரிந்து, மீண்டும் அணைவதானால் விளக்கின் ஆயுள் முடிந்தது எனக் கொள்க. அதை உடனே மாற்றாவிடில் இக்னைட்டர் ஓயாது துடித்துத் தானும் கெடும். சோக்கில் கருகிய வாடையோ பெரிய இரைச்சலோ கண்டால் விளக்கை நிறுத்தி, சோக்கை மாற்றவும்.

புதிதாக எல்லாச் சாமானும் வாங்குவோர்க்கு எல்.இ.டி. விளக்கே மேல். அதற்குத் தனிச் சோக்கும் இக்னைட்டரும் வேண்டாம், மின்செலவும் குறைவு, அணைத்தவுடன் ஏற்றலாம். மேலே கூறிய சுவிட்ச், எர்த், ஆர்.சி.சி.பி. விதிகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

கிராம அலுவலர்களுக்கு இரு வார்த்தை. விளக்குப் போடுமுன் மின்சார அலுவலகத்தில் தக்க இணைப்புக்கு மனுச் செய்யும்படி குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். லைனில் கொக்கி போட்டு எடுப்பது குற்றமாவதோடு உயிருக்கும் கேடு. ஆயுள் முடிந்த விளக்குகளில் சிறிதளவு பாதரசம் இருப்பதால், அவற்றை வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் உடைத்தெறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கச் செய்தல் நலம்.

பூ ஒரு வாரம் முந்தினால் நஷ்டம் ஒரு பருவத்தோடு போம். கம்பி ஒன்று இடம் மாறினால் வரும் நஷ்டத்தை எந்தப் பருவமும் ஈடு செய்யாது. ஆதலால் முதல் நாள் விளக்கேற்றுமுன், இக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, வயர்மேனோடு நின்று, ஆறு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.