சோறு வைக்க ஆளில்லாத பேய்கள்

கேள்வி: ஐயா, தமிழ் டப்பிங்கில் வரும் சீனத் தொடர்களைப் பார்த்துவிட்டு, அதே சாயலில் ஒரு மாயநாட்டைக் கற்பனை செய்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன ஒரு பெண் அதில் பேயாக வருகிறாள். எப்படி எழுதினாலும் அவள் எங்கள் ஊர்ப் புளியமரத்துப் பேய் மாதிரியே பேசுகிறாள். சீனத்துப் பேய்க்கு என்னதான் இயல்பு? எதற்குப் பயப்படும்? என்ன கேட்கும்?
– ஒரு வாசகி, மல்லாங்கிணறு

பதில்: பயத்தை முதலில் முடித்துவிடுவோம். சத்தத்துக்குப் பயப்படும். புத்தாண்டு விடியலில் சேவல் கூவியதும் எழுந்து, முற்றத்தில் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்கவிட்டு மலைப்பேய்களை விரட்டும் வழக்கத்தை 6-ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று சொல்கிறது. வெடிமருந்து அடைத்த காகிதக் குழாய் வந்தது பிறகு. உங்கள் பக்கம் பட்டாசோடு புழங்குகிறவர்களுக்கு இந்த வம்சாவளி பிடிக்கும். ஆனால் விரட்டுவது சின்ன விஷயம். அது என்ன கேட்டு வருகிறது என்பதில்தான் உங்கள் நாவல் இருக்கிறது.

கி.மு. 535-இல் செங் என்ற சிறு நாட்டில் ஊரே நடுங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் சண்டையில் கொல்லப்பட்ட போயோ என்ற பிரபு ஒருவர் கனவில் வந்து, இன்ன நாளில் இன்னாரைக் கொல்வேன் என்றாராம். சொன்ன நாளில் அவர்கள் செத்தார்கள். அமைச்சர் சீசான் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. போயோவின் மகனுக்குப் பதவி கொடுத்தார். பதவி வந்தால் குடும்பம் நிற்கும், குடும்பம் நின்றால் படையல் நடக்கும். பீதி அடங்கியது. திரும்பிப் போக ஓர் இடம் கிடைத்த பேய் யாரையும் தொல்லை செய்யாது என்பது அவர் சொன்ன விளக்கம். சீனப் பேய்க்கதைகள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சாவி. செத்தவர் எவரும் பேய்தான். படையல் போட ஆள் இருந்தால் அவர் மூதாதை, இல்லாவிட்டால் தெருவில் அலையும் பசித்த ஆவி. தைவான் கிராமங்களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆர்தர் உல்ஃப், ஒரு வீட்டின் மூதாதையே அடுத்த வீட்டுக்குப் பேய் என்ற பொருளில் எழுதினார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஏழாம் சந்திர மாதம் இந்த அநாதை ஆவிகளுக்கு ஊர்கூடிப் படைப்பதைப் பார்க்கலாம். ஆவிகளுக்காகப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கென்றே காலியாகக் கிடக்கும்.

இடையில் ஒரு தமாஷ். நம் எமன் பௌத்தத்தோடு சீனா போய்ச் சேர்ந்தார். அங்கே பாதாளத்தில் பத்து நீதிமன்றங்கள், இவருக்கு ஐந்தாவது. பதிவேடு, குமாஸ்தா, மனு, லஞ்சம் எல்லாம் உண்டு, அசல் தாலுகா ஆபீஸ். பெயர் குழப்பத்தில் தவறான ஆளின் உயிரைப் பிடித்துப்போய், பிறகு திருப்பி அனுப்பிய கதைகள் ஏராளம். இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். கல்யாணமாகாமல் செத்த மகளுக்குச் சீன மரபில் தகப்பன் வீட்டுப் படையல் மாடத்தில் இடமில்லை. அவளுடைய பெயர்ப்பலகை புருஷன் வீட்டில்தான் நிற்க முடியும். அதனால் செத்தபிறகாவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். தைவானில் சிவப்பு உறையைப் பாதையில் போட்டு, எடுக்கிறவனை மாப்பிள்ளையாக்கும் வழக்கம் இருந்தது.

நம் தென்மாவட்டங்களில் என்ன செய்கிறோம்? கன்னியாகச் செத்த பெண்ணைப் பிறந்த வீடே தெய்வமாக்கிக்கொள்கிறது. ஓலைப்பெட்டியில் சிற்றாடையும் வளையலும் வைத்து, வருஷா வருஷம் கும்பிடுகிறார்கள். நம் சமூகம் பெண்ணை வாழவைத்த லட்சணம் வேறு கதை. ஆனால் செத்த மகளுக்கு வாசலைச் சாத்தவில்லை. உங்கள் புளியமரத்துப் பேய்க்கும் சீனத்துப் பேய்க்கும் இங்கேதான் பாதை பிரிகிறது. நம்மவள் ஆள்மேல் இறங்கி, கோடாங்கி உடுக்கை அடித்துக் கேட்டால் பேரம் பேசுவாள்: சேவல் கொடு, சேலை கொடு. சீனத்துக்காரி பெரும்பாலும் சொந்த உருவத்திலேயே, ராத்திரி கதவைத் தட்டிக்கொண்டு, குடியிருக்க வருவாள்.

பு சொங்லிங் (1640–1715) எழுதிய நியே சியாவ்சியன் கதையைத் தேடிப் படியுங்கள். 1987-இல் ஹாங்காங்கில் சினிமாவாகவும் வந்தது. ஆனால் எனக்குக் கதைதான் பிடிக்கும். ஒரு பூதத்தின் பிடியில் சிக்கி ஆண்களை மயக்கிக் கொல்லும் பேய் அவள். மயங்காத ஒருவனிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: என் எலும்பை எடுத்துப்போய் நல்ல இடத்தில் புதை. அவன் தன் வீட்டருகே புதைக்கிறான். பின்னாலேயே வந்துவிடுகிறாள். அவன் தாயார் பயப்படுகிறார். இவள் சமைக்கிறாள், துவைக்கிறாள். வந்த புதிதில் அன்னம் தண்ணீர் தொடாதவள், அரை வருஷம் கழித்து மெல்லக் கஞ்சி குடிக்க ஆரம்பிக்கிறாள். பிறகு மருமகளாகி, பிள்ளையும் பெறுகிறாள். அந்தக் கஞ்சி ஒன்று போதும், பு சொங்லிங் எப்பேர்ப்பட்ட கை என்று சொல்ல.

ஆகவே தலைவிரி கோலத்தையும் வெள்ளைச் சேலையையும் விடுங்கள். அவள் தகப்பன் வீட்டில் இப்போது யார் உயிரோடு இருக்கிறார்கள், அவளை வீட்டுக்குள் விட யார் மறுத்தது என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். பேச்சு தானாக மாறும்.

கேள்வி: இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வரும் சீனப் பிணம் பேயா, இல்லையா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பாதிப் பேய். மனிதனுக்கு ‘ஹுன்’ மூன்று, ‘போ’ ஏழு என்று இரு வகை உயிர்கள் உண்டு என்பது தாவோ மரபு. அறிவும் குணமும் உள்ள ஹுன் மேலே போய்விட, உடம்போடு ஒட்டிய போ மட்டும் தங்கிவிட்டால் பிணம் எழுந்து நடக்கும் என்பார்கள். விறைத்த உடம்பு, மூட்டு மடங்காது, அதனால் குதி. நெற்றியில் மஞ்சள் தாயத்துச் சீட்டை ஒட்டினால் நின்றுவிடும். இந்த உருவத்தை உலகமெங்கும் பரப்பியது 1985-இல் வந்த ஹாங்காங் நகைச்சுவைப் படம் ‘மிஸ்டர் வாம்பயர்’. அதன் உடுப்பு சிங் வம்ச அதிகாரியின் உடுப்பு.