ஒரு கிலோதானே?

அன்புத் தம்பிக்கு,

பாரிஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு பதக்கம் இழந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். "ஒரே ஒரு கிலோதானே ஐயா, கொஞ்சம் தம் பிடித்திருந்தால் தூக்கியிருக்கலாமே" என்று. அந்தத் 'தானே' இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

உன் மனத்தில் இருப்பது இளவட்டக்கல். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னால் தள்ளுவது. அங்கே தம் பிடிக்கலாம். ஒரே இழுப்பில் தலைக்குமேல் ஏற்றும் ஸ்னாட்ச்சில் அதற்கு ஏது நேரம்? கம்பி மேலெழும் கணத்திலேயே உடம்பு அதன் அடியில் புகுந்துவிட வேண்டும். தூக்குவதைவிடப் புகுவதுதான் வித்தை. எடை கூடக்கூட கம்பி எழும் உயரம் குறையும், புகும் இடமும் குறுகும். கூடுகிற ஒரு கிலோ கையில் தெரியாது. அந்த இடைவெளியில் தெரியும்.

இந்த வித்தையைப் பார்க்க வேண்டுமானால் பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோக்லுவைப் பார். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தவன் நான். ஐந்தடிகூட இல்லாத மனிதர். பல்கேரிய அரசு அவருடைய துருக்கியப் பெயரையே பிடுங்கி வேறு பெயர் சூட்டியது. 1986-இல் மெல்போர்ன் போட்டிக்குப் போனவர் அங்கிருந்தே தப்பித் துருக்கி சேர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில், 60 கிலோ பிரிவில், 190 கிலோவைத் தலைக்குமேல் நிறுத்தினார். தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! அந்தக் காணொளியைப் பார். கையைப் பார்க்காதே, காலைப் பார். எல்லாரும் கையைத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் இப்படிக் கேள்வி கேட்கிறார்கள்.

இனி உன் ஒரு கிலோ. மீராபாய் ஸ்னாட்ச்சில் 88 கிலோ தூக்கினார். அடுத்து, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்குமேலும் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதல் முயற்சியில் 111 தவறியது. தவறினால் 110-க்கு இறங்க விதியில் இடமில்லை. மறுமுறை அதே 111-ஐத் தூக்கினார், மொத்தம் 199. வெண்கலம் வென்ற தாய்லாந்துப் பெண்ணுக்கு 200. மூன்றாவதாக 112 கேட்டிருந்தால் வெறும் சமன். சமனானால் அந்த மொத்தத்தை முதலில் எட்டியவருக்கே முன்னிடம். ஐயத்துக்கு இடமில்லாமல் முந்த 113 வேண்டும். அவர் கேட்டது 114. அதுவும் தவறியது.

தம் இல்லாதவரா அவர்? 2021-இல் தாஷ்கண்டில் நடந்த போட்டியில் ஸ்னாட்ச்சில் முதல் இரண்டு முயற்சியும் தவறியபின் மூன்றாவதைப் பிடித்தவர். அதே மேடையில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 தூக்கி உலக சாதனை படைத்தவர். பாரிஸுக்கு முந்தைய ஆண்டு ஆசியப் போட்டியில் இடுப்பில் அடிபட்டது. பாரிஸ் மேடை ஏறிய மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்தது.

நயீமைப் பார்த்துவிட்டு எழுது. கம்பி எந்த உயரத்தில் இருக்கும்போது அவர் முழங்கால் மடங்கத் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல், போதும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்