நின்று படிக்க வைக்கும் தலைப்பு: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். சாலைப் பெட்டிக்கடையில் தொங்கும் நாளிதழ் போஸ்டரைப் படிக்க, பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு நேரம் சில நொடிதான். அந்த வாசகரை மதித்து வளர்ந்தது தமிழ் நாளிதழ்த் தலைப்பு. 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எளியவருக்கும் புரியும் பேச்சுத் தமிழை அதில் கொண்டுவந்தார். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பதாக வைத்துக்கொண்டு, அப்படியொரு தலைப்பு எழுதப் பழகுவோம்.

படி 1: வேறெங்கும் இல்லாததைத் தேடுங்கள்

'பழமை வாய்ந்த அற்புதத் திருத்தலம்' என்ற தலைப்பு நூறு கோயில்களுக்குப் பொருந்தும். சிவன் கோயில்களில் நந்தி பொதுவாக இறைவனை நோக்கியிருக்கும். இங்கே வாசலை நோக்கியிருக்கிறது. தலைப்பு அங்கே இருக்கிறது.

படி 2: ஒரே உணர்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்

தொண்டைமான் என்ற மன்னனின் யானை முல்லைக்கொடியில் சிக்க, அவன் கொடியை வெட்ட, வாள் லிங்கத்தில் பட்டு ரத்தம் பெருகியது என்கிறது தலபுராணம். பிறகு அவனுக்குத் துணையாக நந்தியைப் போருக்கு அனுப்பினாராம் இறைவன்; அதனால்தான் நந்தி வாசலை நோக்கியிருக்கிறதாம்.

- பதைப்பு: 'கொடியை வெட்டினான், ரத்தம் பெருகியது'
- நெகிழ்ச்சி: 'மன்னனுக்குத் துணைபோன நந்தி'

இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் இரண்டும் நீர்த்துப்போகும்.

படி 3: சொல்லின் எடையைப் பாருங்கள்

'சிவனுக்கு முதுகு காட்டும் நந்தி' கண்ணை இழுக்கும். பக்தர் மனதையும் புண்படுத்தும். 'வாசல் பார்க்கும் நந்தி' அதே வியப்பைத் தருகிறது, யாரையும் காயப்படுத்தவில்லை. 'பரபரப்பு', 'அதிர்ச்சி' இரண்டையும் அடித்துவிடுங்கள். வாசகர் எப்படி உணர வேண்டும் என்று ஆணையிடும் சொற்கள் அவை.

படி 4: வாய்விட்டுப் படியுங்கள்

ஒரே மூச்சில் முடிய வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் "ஏன்?" என்று கேட்டால் தலைப்பு வேலை செய்கிறது.

படி 5: வாக்கைக் காப்பாற்றுங்கள்

அந்த 'ஏன்?'-க்கான பதில் முதல் பத்தியிலேயே தொடங்கட்டும். இழுத்தடித்தால் வாசகர் ஏமாந்துபோவார். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தே நகர்ந்துவிடுவார்.

எப்போது குரலைத் தாழ்த்துவது?

சாவுச் செய்தியில். தற்கொலைச் செய்திகளுக்குப் பரபரப்பான தலைப்பு கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நீங்கள் வைக்கும் தலைப்பை இறந்தவரின் வீட்டாரும் படிப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று சொல்ல முடியாததைத் தலைப்பாக வைக்காதீர்கள்.