குளிரா, தாகமா? – மர வளையம் போடும் கணக்கு

மரத்தை வெட்டி வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து ஓய்ந்தபின் அடையாறிலும் மயிலாப்பூரிலும் சாய்ந்த மரங்களை அறுத்துப் போட்டார்களே, அந்தத் துண்டுகளில் எண்ண உட்கார்ந்தவர் பல மரங்களில் ஏமாந்துதான் எழுந்திருப்பார். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்துக்கு 450 வயது என்பார்கள். 1989-ல் அதன் தாய்மரமே விழுந்தது. ஆலமரத்திலும் எண்ணுகிற மாதிரி தெளிவான ஆண்டு வளையம் கிடையாது. காரணம் சுலபம். சென்னையில் ஜனவரியில்கூட சராசரி வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மரம் முழுசாகத் தூங்கி எழ இங்கே குளிர்காலமே இல்லை.

குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் அப்படியல்ல. (சாரம் கட்டும் சவுக்கையும் ஊசியிலை மரம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது பூக்கும் தாவரம். ஊசி மாதிரி தெரிவது சிறு கிளை.) பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. குளிர் விட்டதும் அது விழித்துச் செல்களைப் பிரித்துத் தள்ளும். ஒவ்வொரு செல்லும் முதலில் அகலமாகும், பிறகு சுவர் தடிக்கும், கடைசியில் செத்து வெறும் குழாயாகிவிடும். பருவத்தின் தொடக்கத்தில் வந்தது பெரிய துளை, மெல்லிய சுவர். முடிவில் வந்தது சின்னத் துளை, தடித்த சுவர். வெளிர் பட்டை, கரும் பட்டை இரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம். கான்கிரீட்டில் கோர் எடுப்பது போலவே, பென்சிலைவிட மெல்லிய ஒரு கோரை உள்ளீடற்ற துளைக்கருவியால் திருகி எடுத்துப் பார்க்கலாம். மரத்தை வெட்ட வேண்டாம்.

இந்த வேலையைச் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் வாகனோவ், ஷாஷ்கின் என்ற இருவர் ஒரு கணக்காக எழுதினார்கள். அமெரிக்காவின் ஹியூஸுடன் சேர்ந்து 2006-ல் புத்தகமாகவும் வந்தது. உள்ளே கொடுக்க வேண்டியது மூன்றே மூன்று: தினசரி வெப்பம், தினசரி மழை, இடத்தின் அட்சரேகை. அட்சரேகை எதற்கென்றால், அன்று பகல் எவ்வளவு நீளம், வெயில் எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும். மழையிலிருந்து ஆவியாவதையும் வடிவதையும் கழித்து மண்ணில் மிஞ்சும் ஈரத்தைக் கணக்கே பார்த்துக்கொள்ளும். பிறகு வெயில், வெப்பம், ஈரம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மார்க் போடும். அன்றைய வளர்ச்சி வேகம் இதுதான்:

வேகம் = வெயில் × (வெப்பம், ஈரம் இரண்டில் எது குறைவோ அது)

கூட்டவும் இல்லை, சராசரி எடுக்கவும் இல்லை. மணலும் ஜல்லியும் மலையாகக் கிடந்தாலும் சிமெண்ட் இரண்டு மூட்டை என்றால் அன்றைய கான்கிரீட் இரண்டு மூட்டைக்குத்தான். அதே சங்கதி. இந்த வேகத்தை வைத்துக் கேம்பியத்தில் தினம் எத்தனை செல் பிரியும், வெளியே வரும் செல் எவ்வளவு பெரிதாகும் என்று கணக்கு ஓடும். பருவ முடிவில் ஒரு வளையம் செல் செல்லாகக் கையில் வரும். அதை உண்மையான கோரோடு நுண்ணோக்கியில் ஒப்பிடலாம்.

போட்டுப் பார்ப்போம் (எண்கள் விளக்கத்துக்கு நான் வைத்தவை). 5 டிகிரியில் வளர்ச்சி தொடங்கி 18-ல் முழு மார்க் என்று வைப்போம். சைபீரிய வடகோடியில் ஒரு ஜூன் நாள்: வெப்பம் 9 டிகிரி, மார்க் 4/13, அதாவது 0.31, ஈரம் 0.8. சிறியது 0.31. இமயத்தில் கங்கோத்ரிப் பக்கம் ஒரு மே நாள்: 18 டிகிரி, மார்க் 1; மண் காய்ந்து ஈரம் 0.3. சிறியது 0.3. வெயில் மார்க் இரண்டு இடத்திலும் 1 என்று வைத்தால் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு மரம் குளிரில் நிற்கிறது, இன்னொன்று தாகத்தில் நிற்கிறது. இப்போது இரண்டுக்கும் 3 டிகிரி கூட்டுங்கள். சைபீரியாவில் 7/13, அதாவது 0.54, வேகம் முக்கால் பங்கு ஏறிவிட்டது. இமயத்திலோ வெப்ப மார்க் ஏற்கெனவே முழுசு. கூடுதல் சூடு மண்ணை இன்னும் உலர்த்தி ஈரத்தை 0.25-க்கு இறக்கும், வேகமும் இறங்கும்.

கணக்கில் மட்டும் இல்லை, காட்டிலும் இதுதான் நடக்கிறது. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் மேற்கு இமயத்துத் தேவதாருக்களில் எடுத்த கோர்களில், பருவமழைக்கு முந்தைய மாதங்கள் சூடாக இருந்த வருஷத்து வளையம் குறுகியிருக்கிறது. அப்போது மழை பெய்திருந்தால் அகன்றிருக்கிறது. வடசைபீரிய லார்ச்சில் கோடைச் சூடு கூடினால் வளையம் அகலும். தேவதாரு, லார்ச் இரண்டும் பைன் குடும்பமே! “குறுகிய வளையம் என்றால் குளிர் வருஷம்” என்று மனப்பாடம் செய்தவன் இமயத்தில் பெயில்.

ஒரே மரமும் மாறக்கூடும். 1999-ல் வாகனோவ் குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது: குளிர்காலப் பனி அதிகம் விழுந்தால் உருகத் தாமதமாகிறது, கேம்பியம் விழிப்பதும் தள்ளிப்போகிறது. அதனால் கோடை சூடானாலும் வளையம் பழையபடி அதைப் பின்தொடர்வதில்லை. நேர்கோட்டுக் கிராப் போட்டு வளையத்திலிருந்து வெப்பத்தைப் படித்தவர்களுக்கு இது தலைவலி. மாடலின் அருமை இங்கேதான். எந்த வாரம் எது குறைந்தது என்று காட்டிவிடும்.

சிவில்காரர்களுக்கு இதில் என்ன? நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் 1792-ல் வந்தது, நமக்குப் பழைய பதிவு உண்டு. இமயத்தின் உள்மலைகளில் மழைமானிகள் சில, பதிவும் குறுகியது. அணைக்கு டிசைன் போடுகிறவருக்குப் பல நூறு வருஷ வறட்சிக் கணக்கு வேண்டுமென்றால் தேவதாருவைத்தான் கேட்க வேண்டும். அது சொல்வது குளிரையா தாகத்தையா என்று தப்பாகப் படித்தால் டிசைனே தப்பு.

நம்ம பக்கத்தில் வளையம் தெளிவாக விழும் மரம் தேக்கு. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்குகளிலிருந்து 523 வருஷத் தொடர் ஒன்றை 2010-ல் வெளியிட்டார்கள். எல்நினோவை ஒட்டிய வறட்சிகள் அதில் குறுகிய வளையங்களாகத் தெரிகின்றன. ஆனால் தேக்கின் நீர்க்குழாய்கள் வேறு மாதிரி. ஊசியிலைக்கு எழுதிய செல் கணக்கை அப்படியே போட முடியாது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இடிபடும் பழைய வீடுகளின் பர்மா தேக்கு உத்தரங்களிலும் வளையம் இருக்கிறது. அறுத்த முனையை வழவழவென்று தேய்த்தால் கண்ணுக்கே தெரியும். எந்தக் காட்டு மரம், எந்த வருஷம் வெட்டியது என்று தெரியாததால், அந்தப் பக்கத்துத் தேதி தெரிந்த தொடர் ஒன்றோடு குறுகல் அகலங்களைப் பொருத்தித்தான் வருஷம் சொல்ல முடியும். அதற்கு நிறைய வளையமுள்ள, செதுக்கி எடுக்காத முனை வேண்டும். பழைய மரக்கடையில் முதலில் அறுத்து விறகாகப் போடுவது அந்த முனையைத்தான்.